இரண்டாம் விதியும் தோட்டத்து வாசகரும்

சீர்காழியிற் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராய் விளங்கிய சீ. இரா. அரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகளை வகுத்தார். வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல் கிடைத்தல் வேண்டும் என்பது அவற்றுள் இரண்டாவது. கல்வி நிலைய நூலகங்கள் பலவும் இவ்விதியைத் தம் வாயிலுக்குள் அடக்கிக்கொண்டன. பதிவுபெற்ற மாணவரையே வாசகராகக் கருதின. விதியோ அத்தகைய எல்லையை வகுத்திலது. அதே ஆண்டில் மன்னார்குடியை அடுத்த ஊர்களுக்குக் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூல்களை அனுப்பினார். ஆங்கு நூலே வாசகரை நாடிச் சென்றது.

இக்கருத்தைச் சப்பிரகமுவ மாகாணத்திற் பொருத்தி நோக்குதல் தகும். பெலிகுல்ஓயாவில் 1996 முதல் பல்கலைக்கழகம் இயங்குகின்றது. ஆயினும், இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களிலே லயன் அறையிலிருந்து வெளிவாரிப் பட்டத்துக்குப் பயில்பவர் எந்நூலகத்தின் வாசகர்? அவர் தமிழ் நூலைத் தேடி நெடுந்தொலைவு செல்லவேண்டியவராகின்றார்.

2005இல் தொடங்கப்பெற்ற ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம் ஈழத்துத் தமிழ் நூல்களை இணையவழி இலவசமாக வழங்குகின்றது. மன்னார்குடி வண்டியின் வழித்தோன்றல் இஃது எனலாம். எனினும், நூல்களை இணையத்தில் ஏற்றிவைத்தலோடு பணி முடிந்துவிடாது. எண்ணற்ற பக்கங்களுள் தம் பாடத்துக்குரியது எது என அறியாது தனித்துப் பயில்பவர் மயங்குவர். அதனைத் தெரிந்துரைக்கும் நூலகரின் துணை, அஞ்சல் வழியாகவோ தொலைபேசி வழியாகவோ அவருக்குக் கிட்டுதல் வேண்டும். வருங்காலக் கல்வி நூலகத்தின் தலையாய பணி இதுவே. அலமாரிகளை எண்ணி நூலகத்தை மதிப்பிடுவோர், வாயிலுக்கு வெளியே நிற்போரையும் எண்ணுதல் முறை.