வில்லனாக்கப்பட்ட பாடகர்

சினிமாவுக்கு வெளியே தமிழ்ப் பாட்டு பிறந்தது 2010-க்குப் பிறகுதான் என்ற பேச்சு இப்போது கேள்விக்கு அப்பாற்பட்டதுபோல் உலவுகிறது. தரமணியில் தொடங்கிப் பழைய மகாபலிபுரம் சாலை நெடுக வாரக்கடைசிக் கச்சேரி நடத்துகிறவர்கள் இதைச் சொல்கிறார்கள். ஆங்கில நாளேடுகளின் இணைப்பிதழ்கள் எழுதுகின்றன. இளம் பாடகர்களும் பேட்டிகளில் தலையாட்டுகிறார்கள். கிட்டாரை மாட்டிக்கொண்டு, சொந்தப் பாட்டை, பேச்சுத் தமிழில், கூட்டத்தின் முன்னால் நின்று பாடிய முதல் தலைமுறை இதுதானாம். 2018 ஜனவரியை எடுத்துக்கொள்வோம். அம்மாதம் 6-ஆம் தேதி கீழ்ப்பாக்கத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு முதன்முதலாக மேடையேறியது. ஊடகங்கள் கொண்டாடின, கொண்டாட வேண்டியதுதான். 22-ஆம் தேதி இதே சென்னையில் இலங்கைப் பாடகர் ஏ.இ. மனோகரன் காலமானார். கண்ணில் பட்ட இரங்கல் குறிப்புகள் அவரை ஒற்றைப் பாட்டுக்குச் சுருக்கிவிட்டு நகர்ந்தன. இரண்டும் ஒரே வரலாற்றின் செய்திகள் என்று எழுதியவர் எவரையும் நான் காணவில்லை.

சென்னையின் பங்கை முதலில் பார்த்துவிடலாம். தங்கிப் பேச அதில் அதிகமில்லை. 1960களில் ஆங்கிலோ-இந்திய இளைஞர்களும் கல்லூரிப் பையன்களும் ஹோட்டல்களிலும் நடன விருந்துகளிலும் பீட்டில்ஸ் பாட்டுகளை அச்சு மாறாமல் வாசித்தார்கள். ஒரு சிகரெட் கம்பெனி நடத்திய சிம்லா பீட் போட்டிக்கு நாடெங்கிலுமிருந்து குழுக்கள் போயின. 1970, 1971 ஆண்டுகளின் போட்டிகள் இசைத்தட்டாகவும் வந்தன. ஐ.ஐ.டி.யில் 1974-ல் தொடங்கிய மார்டி கிரா விழா 1996-ல் சாரங் ஆனது. அதன் ராக் இரவு அடையாறு, மயிலாப்பூர் வீட்டுப் பிள்ளைகளைத் தலைமுறை தலைமுறையாகக் கிட்டார் பழக வைத்தது. விரல்களில் திறமைக்குக் குறைவில்லை. பாடியது ஆங்கிலம், எதிரே நின்றதும் ஆங்கிலம் படித்த கூட்டம். நுழைவாயிலில் சீட்டுக் கிழித்தவருக்கு அந்தப் பாட்டில் ஒரு சொல் இல்லை. பீட்டில்ஸின் பழைய டிரம்மர் பீட் பெஸ்ட் 1941-ல் இந்த ஊரில் பிறந்தவர் என்பதை நகர வரலாற்று ஆர்வலர்கள் சலிக்காமல் நினைவூட்டுகிறார்கள். அந்த அக்கறையில் கால்பங்கு பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் திரும்பியிருக்கலாம்.

அந்தப் பக்கத்தில் தமிழ்ப் பாடகரை விழுங்க ஒரு கோடம்பாக்கம் இல்லை. இலங்கைத் தமிழ்ச் சினிமா வளரவில்லையே என்று வருந்தி எழுதியவர்கள் உண்டு. பாட்டைப் பொறுத்தவரை அந்த இல்லாமை பெரும் பேறு. கோடம்பாக்கத்தின் இடத்தில் வானொலி இருந்தது. 1952-ல் அமைச்சர் பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியிலிருந்து சினிமாப் பாட்டை விரட்டியதும் இந்தியக் காதுகள் கொழும்புக்குத் திரும்பிய கதை வாசகர் அறிந்தது. நம்மவர்கள் இலங்கை வானொலியை நினைத்து இன்றும் உருகுவது, நம் சினிமாப் பாட்டையே அது நமக்குத் திருப்பித் தந்ததற்காக. அதே வானொலி தன் மண்ணின் பொப் பாடல்களையும் ஒலிபரப்பியது என்பதை அந்த உருக்கம் மறந்துவிடுகிறது.

வானொலிக்குப் பக்கத்தில் பைலா இருந்தது. போர்த்துகீசியர் காலத்தில் கரையேறி, காபிரி மக்களாலும் பறங்கியராலும் வளர்ந்த ஆட்டப் பாட்டு அது. வோலி பஸ்தியான்ஸ் என்ற போலீஸ்காரர் அதைச் சிங்களத்தில் வேரூன்ற வைத்தார். 1960களில் கிளாரன்ஸ் விஜேவர்தனவும் மூன்ஸ்டோன்ஸ் குழுவும் கிட்டார் பாட்டைச் சிங்கள இளைஞரின் அன்றாடமாக்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் தன் மொழியில் பாடும்போது தமிழ் இளைஞருக்கு ஆங்கிலம் எதற்கு? அரசியலும் உதவியது. 1970 முதல் 1977 வரையிலான சிறிமாவோ ஆட்சி இந்தியப் படங்களுக்கும் வணிக இதழ்களுக்கும் கட்டுப்பாடு விதித்தது. உள்ளூர்ப் பத்திரிகைக்கும் நாடகத்துக்கும் பாட்டுக்கும் மூச்சுவிட இடம் கிடைத்தது. ஈழத்து இலக்கியத்துக்கு அந்த ஆண்டுகள் தந்த ஊக்கத்தைப் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது; மேடையில் கிட்டாரோடு நின்றவர்களைப் பற்றி மிகக் குறைவு.

முதலில் வந்தவர் நித்தி கனகரத்தினம். துள்ளிசை என்று அங்கே பெயர் பெற்ற வகையின் தந்தை என்று அவரைச் சொல்வது வெறும் உபசாரமல்ல. 1960களில் ‘சின்ன மாமியே’ வந்தபோது, யாழ்ப்பாணப் பேச்சு முதன்முறையாகக் கூச்சமில்லாமல் கிட்டாரில் ஏறியது. மாமியிடம் மகளைப் பற்றி விசாரிக்கும் குறும்பு. இன்னொரு பாட்டில் கள்ளுக்கடைப் பக்கம் போகாதே என்ற புத்திமதி. இலக்கணமான கவிதை எதுவும் இதில் இல்லை. ஊர்ச் சனம் ஊர்ச் சனத்தோடு பேசுகிற தொனி இருக்கிறது. சென்னையின் ஆங்கிலக் குழுக்கள் கடைசிவரை எட்டாதது அதைத்தான். வேளாண்மை படித்த நித்தி பின்னாளில் ஆஸ்திரேலியாவில் குடியேறினார். பாட்டு அவருக்குத் தொழிலாக இருக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, யாருக்கும் பணிய வேண்டிய கட்டாயமும் இருக்கவில்லை.

நித்தி பாட்டைத் தந்தார் என்றால், கூட்டத்தைக் கட்டி ஆண்டவர் ஏ.இ. மனோகரன். பொப் இசைச் சக்கரவர்த்தி என்ற பட்டம் அவருக்குப் பொருந்தியது. ராக் குழுவின் முன்னணிப் பாடகர் என்று உலகம் எதைச் சொல்கிறதோ, தமிழில் அதை முழுதாகச் செய்த முதல் ஆள் அவர்தான் என்பது என் துணிபு. கனத்த குரல், சங்கதி போட்டு மயக்கும் ஆசை அதில் இல்லை. சொல்லைத் தாளத்தின்மீது எறிந்துவிட்டு, மீதியைக் கூட்டம் பாடும் என்று நம்பிக் காத்திருக்கும் குரல் அது. ‘சுராங்கனி’யை இன்று கேட்டாலும் அந்த நம்பிக்கை தெரியும். மீன் கொண்டுவந்திருக்கிறேன் என்று ஒரு பெண்ணை அழைக்கும் சாதாரணப் பாட்டு. சிங்களமும் தமிழும் கைகோத்துப் போகின்றன. பொருள் புரியாதவரும் இரண்டாவது சுற்றில் சேர்ந்துகொள்வார். அதன் தாளம் 6/8. நம் டப்பாங்குத்துக்கும் அதே கணக்குத்தான். சென்னைக் கல்யாண ஊர்வலமும் கல்லூரிச் சுற்றுலாப் பேருந்தும் அதைத் தன் பாட்டாகவே எடுத்துக்கொண்டது தற்செயலாக நடந்ததல்ல.

இலங்கையைத் தாய்நாடாகப் போற்றும் பாட்டையும் அதே மனோகரன் பாடியிருக்கிறார். பின்னால் நடந்தவற்றை அறிந்து அதைக் கேட்பது கடினம். 1977-ல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜா இசையில் ‘சுராங்கனி’ ஒலித்தது. சிங்களம் கலந்த பாட்டுக்குத் தமிழகத் திரையரங்குகள் கைதட்டின. அதே ஆண்டு ஆகஸ்டில் இலங்கையில் தமிழர்மீது வன்முறை அவிழ்த்துவிடப்பட்டது. 1981-ல் யாழ் நூலகம் எரிந்தது. 1983 ஜூலைக்குப் பிறகு இரு மொழியையும் ஒரே பாட்டில் வைத்துக் கூட்டம் சேர்க்கும் மேடைக்கு அந்தத் தீவில் இடமே இல்லாமல் போனது. தமிழ்ப் பாட்டு இயக்கப் பாட்டாயிற்று. இயக்கப் பாட்டில் தனி ஆளின் குறும்புக்கு வேலை இல்லை.

தமிழகத் திரைக்குப் போன ‘சுராங்கனி’யைப் பாடியவர் மலேசியா வாசுதேவன். அவர் மகத்தான பாடகர், குறை அவர்மீதல்ல. கோடம்பாக்கம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு அது சாட்சி: பாட்டை எடுத்துக்கொள்ளும், பாட்டின் சொந்தக்காரருக்கு வேறு வேலை கொடுக்கும். செங்கை ஆழியானின் நாவலை வைத்து இலங்கையில் எடுத்த ‘வாடைக்காற்று’ (1978) படத்தில் மீனவர் கதையின் முதன்மைப் பாத்திரங்களில் ஒருவராக நடித்தவர் மனோகரன். இங்கே வந்ததும் ‘சிலோன் மனோகர்’ ஆனார். தமிழிலும் மலையாளத்திலும் கதாநாயகனிடம் அடிவாங்கும் வில்லன். பல்லாயிரம் பேரைத் தன்னோடு பாடவைத்த ஒருவரை, இரண்டு ரீல் உறுமிவிட்டுச் சண்டைக் காட்சியில் விழச் சொன்னது நம் சினிமா. பிழைப்புக்கு அது உதவியிருக்கும். பாடகரின் நடுவயது அதில் கரைந்தது. ஒரு பேண்டை வைத்துப் புதிய பாட்டுகளோடு அவரை நகரம் நகரமாக அனுப்பிவைக்கும் அமைப்பு எதுவும் இந்த மாநிலத்தில் இருக்கவில்லை. சபாக்களுக்கு அவர் தீண்டத்தகாத சத்தம், இசைத்தட்டுக் கம்பெனிகளுக்கு ஒரு பாட்டு வியாபாரம்.

தமிழர் வேறெங்கும் குழுவின் முன்னால் நிற்கவில்லையா? நின்றார்கள், வேற்று மொழியில். பினாங்கின் டேவிட் ஆறுமுகமும் அவர் சகோதரர் லோகநாதனும் அலேகேட்ஸ் குழுவை மலேசியாவின் செல்லக் குழுவாக்கினார்கள். அந்நாட்டை மயக்கிய அவர்களுடைய பாட்டுகள் மலாயில். இலங்கைப் போர் துரத்திய குடும்பத்தில் வளர்ந்த மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் ஆங்கிலத்தில் உலகை உலுக்கினார். 2007-ல் வந்த ‘காலா’ ஆல்பத்துக்காகச் சென்னைக்கு வந்து உறுமிக்காரர்களைப் பதிவு செய்து போனார். நம் உறுமியின் மதிப்பு லண்டன்காரர் வந்து எடுத்துப்போனபோது நமக்கும் கொஞ்சம் தெரிந்தது.

சென்னையின் தொண்ணூறுகளைப் புகழ்வது வழக்கம். ஏ.ஆர். ரஹ்மான் இளமையில் வாசித்த நெமிஸிஸ் அவென்யூ என்ற ராக் குழுவிலிருந்து வந்தவர் சுரேஷ் பீட்டர்ஸ். ‘சிக்கு புக்கு ரயிலே’ (1993), ‘பேட்டை ராப்’ (1994) வழியாக நகரத்தின் துடுக்கான குரலானார். மால்குடி சுபா தமிழ்ப் பொப்பில் நல்ல சில பாட்டுகளைத் தந்தார். குழுக்களில் பழகிய குரல்கள் எல்லாம் ஸ்டூடியோவுக்குள் போயின. ரஹ்மான் அவற்றுக்கு அற்புதமான இடம் கொடுத்தார், குழுக்கள் அடையாளமில்லாமல் போயின. மலேசியாவின் யோகி பி, நட்சத்திரா கூட்டணி 2006-ல் ‘வல்லவன்’ ஆல்பத்தைக் கொண்டுவந்தபோது, தமிழில் சினிமா இல்லாமல் வாழ முடியும் என்ற பழைய பாடத்தை மீண்டும் வெளியிலிருந்தே கற்கவேண்டி வந்தது.

பிறகுதான் வருகிறது இன்றைய ‘சுயாதீன’ அலை. கபேர் வாசுகியின் ‘அழகு புரட்சி’ (2012), தென்மாவோடு அவர் சேர்ந்த குரங்கன், ஷான் ரோல்டனும் நண்பர்களும், லா பொங்கல். இவற்றில் நான் விரும்பிக் கேட்கும் பாட்டுகள் பல. கபேரின் எள்ளலில் நித்தியின் பேச்சுத் தொனி தன்னையறியாமல் திரும்பியிருக்கிறது. ஆனால் இந்த அலையின் பெரும்பகுதி சினிமாவின் வாசல் திண்ணை. ஷான் ரோல்டன் 2014-லேயே பல படங்களுக்கு இசையமைத்துவிட்டார். தர்புகா சிவாவும் பிரதீப் குமாரும் இசையமைப்பாளர் ஆனார்கள். தனி ஆள்மீது பழி சொல்ல இதில் ஒன்றுமில்லை; வாடகை கட்டவேண்டும். திண்ணையில் உட்கார்ந்துகொண்டு தனி வீடு கட்டிவிட்டதாகச் சொல்வதுதான் உறுத்துகிறது. நாற்பது பேர் காபி குடித்துக்கொண்டு கேட்கும் மென்மையான சோகப் பாட்டுகளைப் புரட்சி என்பது அதைவிட உறுத்துகிறது.

மனோகரனின் உண்மையான வாரிசு கீழ்ப்பாக்க மேடையில் ஏறியது. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் தென்மாவும் சேர்ந்து திரட்டிய 19 பேரின் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ அது. அயோத்திதாசரின் சாதியற்ற தமிழர் என்ற சிந்தனையிலிருந்து எடுத்த பெயர். சாவு வீட்டு வாசலில் பாடப்பட்ட கானா, பறை, சட்டி, அவற்றோடு கிட்டார். எதிரே நின்ற கூட்டத்துக்கு ஒவ்வொரு சொல்லும் தெரிந்திருந்தது. இசைவாணி கானாவைப் பெண் குரலில் பாடியபோது முன்னணிப் பாடகர் என்ற இடத்தின் பாலும் மாறியது. 2020-ல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது. மேடையில் யார் நிற்கிறார், யாருக்காக நிற்கிறார் என்ற கேள்வியைத் தமிழ் பேண்டுகளில் வேறு எதுவும் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை.

இந்தக் குழுவைச் சேர்ந்த பாடகர் அறிவு பாடிய ‘எஞ்சாயி எஞ்சாமி’ (2021), இலங்கைத் தோட்டங்களில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையிலிருந்து முளைத்தது. கொழும்பு மேடைகளின் துள்ளிசைக்கு எட்டாத மலையகம் இப்படித்தான் தமிழ்ப் பொப்புக்குள் வந்தது. பாட்டு உலகெங்கும் ஓடியது. இசை இதழ் ஒன்றின் அட்டைப்படத்தில் அறிவு விடுபட்டார் என்ற சர்ச்சை எழுந்தது. பாட்டு யாருடையது என்ற தகராறு பகிரங்கமானது. 2024-ல் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் தங்களுக்கு அதிலிருந்து வருமானம் எதுவும் வரவில்லை என்றார். ‘சுராங்கனி’க்குப் பின் நாற்பது ஆண்டுக்கு மேல் கழிந்தும், பாட்டு ஒரு பக்கமும் பாடியவர் ஒரு பக்கமுமாகப் பிரியும் பழக்கம் போகவில்லை. கோடம்பாக்கத்தின் இடத்தில் இப்போது செயலிகளும் லேபிள்களும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகவே பிறந்த தேதியைத் திருத்துவது மட்டும் போதாது. முன்னணிப் பாடகரை வாழவைப்பவை மூன்று: சினிமாவை எதிர்பார்க்காத மேடை, அந்த மேடைக்குத் திரும்பத் திரும்ப வரும் சொந்தக் கூட்டம், தன் பெயரிலேயே இருக்கும் பாட்டு. கொழும்புக்கு முதல் இரண்டும் இருந்தன. நீலம் 2020 முதல் நடத்தும் மார்கழியில் மக்களிசை முதல் இரண்டையும் சென்னையில் கட்டிக்கொண்டிருக்கிறது. மூன்றாவது இன்னும் யாரிடமும் இல்லை.

தரமணியில் அரசு திரைப்படக் கல்லூரி இருக்கிறது. நடந்துபோகும் தூரத்தில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் சினிமாப் பாட்டுப் புத்தகங்களைக் காத்துவருகிறது. கல்லூரி ஒலிப்பதிவு கற்பிப்பதோடு ஒப்பந்தம் படிக்கவும் கற்பிக்கலாம். நூலகம் இலங்கைப் பொப் இசைத்தட்டுகளைத் தேடிச் சேர்க்கலாம். பேண்டுகள் செய்யவேண்டியது இன்னும் எளிது. அடுத்த பாட்டை வெளியிடும் முன், எழுதியவர், மெட்டமைத்தவர், பாடியவர் யார், யாருக்கு எத்தனை பங்கு என்று ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடட்டும். சுயாதீனம் என்ற சொல்லை அதற்குப் பிறகு சுவரொட்டியில் அச்சடிக்கலாம்.