கேட்பவரும் சொல்பவரும்

கோட்டக்குப்பத்தில் ஒரு வீட்டிற்கு நீங்கள் வினாத்தாளுடன் செல்வதாக வைத்துக்கொள்வோம். "என்ன வேலை செய்கிறீர்கள் அம்மா?" என்று கேட்கிறீர்கள். "வேலைக்கெல்லாம் போறதில்லப்பா, வீட்ல சும்மாதான் இருக்கேன்" என்கிறார் அவர். விடிந்ததிலிருந்து அவர் உட்காரவே இல்லை என்பது உங்களுக்குத் தெரிகிறது. இருந்தும் "வேலை: இல்லை" என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டிற்குப் போகிறீர்கள்.

நெடுங்காலம் கணக்கெடுப்புகள் இப்படித்தான் நடந்தன. இக்குறையைப் போக்கவே, நாள் முழுவதையும் அரைமணி அரைமணியாகப் பிரித்துக் கேட்டறியும் முறை வந்தது. 2019-ஆம் ஆண்டில் நம் நாட்டில் இவ்வாறு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கென நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டனர்.

நிமிடக் கணக்கு கிடைத்துவிட்டது. அந்த நேரத்தில் அவர் பட்ட வேதனையையும் அச்சத்தையும் படிவம் சொல்லாது. மாமியார் பக்கத்தில் நிற்கும்போது கேட்டாலும் பதில் வராது. ஆகவே பெண்ணிய ஆய்வாளர்கள் வேறு வழியை நாடினர். பேட்டி காண்பவர் உணர்ச்சியைக் காட்டாமல் ஒதுங்கி நிற்க வேண்டும் என்ற பாடநூல் விதியை மறுத்து, 1981-இல் இங்கிலாந்தின் ஆன் ஓக்லி எழுதினார். தாயாகவிருந்த பெண்களை அவர் பேட்டி கண்டபோது, அவர்கள் இவரிடமே திருப்பிக் கேள்விகள் கேட்டனர். அவற்றுக்குப் பதில் சொல்லிப் பழகுவதே முறை என்றார் அவர்.

1988-இல் அமெரிக்கரான ஜூடித் ஸ்டேசி இதன் மறுபக்கத்தைக் காட்டினார். பழக்கம் நெருங்க நெருங்க, அந்நியரிடம் சொல்லாத குடும்ப விஷயங்களும் வெளிவரும். ஆய்வாளர் எழுதி முடித்து ஊர் திரும்பிவிடுவார். சொன்னவரோ அதே வீட்டில்தான் இருக்க வேண்டும். எனக்கு ஸ்டேசியின் அச்சமே நியாயமாகப் படுகிறது.

இதை எடைபோட்டுப் பார்க்க, கோட்டக்குப்பத்தை ஒட்டியுள்ள புதுச்சேரிப் பகுதியிலேயே ஒரு சான்று உண்டு. அங்கே ஒரு கிராமத்தில் வாழ்ந்த தலித் பெண்மணி வீரம்மா. வயல் கூலியாகவும் பேறு பார்க்கும் மருத்துவச்சியாகவும் உழைத்தவர். பெற்ற பன்னிரண்டு பிள்ளைகளில் அவருக்குத் தங்கியவர் மூவரே. பத்தாண்டுக் காலம் அவர் சொல்லச் சொல்லப் பதிவு செய்த வாழ்க்கைக் கதை, 1995-இல் பிரெஞ்சிலும் 1997-இல் ஆங்கிலத்திலும் நூலாக வந்தது. நூலாசிரியர் மூவர்: வீரம்மா, ஜோசியான் ரசீன், ழான்-லுக் ரசீன். முதற்பெயர் வீரம்மாவுடையது. 'ஒரு கிராமத்துப் பெண்' என்று அடிக்குறிப்பில் தள்ளிவிடாமல், கதை சொன்னவரை ஆசிரியராகவே ஏற்ற இந்நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆயினும் சில குறைகள் என் கண்ணில் படுகின்றன. கதை வீரம்மா தாமே தொடர்ந்து பேசுவதுபோல ஓடுகிறது. எது அவர் தாமாகச் சொன்னது, எது கேட்டதற்குச் சொன்னது என்று பிரித்தறிய வழியில்லை. அவர் தமிழில் சொன்னது பிரெஞ்சுக்குப் போய், அங்கிருந்து ஆங்கிலத்திற்குப் போயிற்று. பிரெஞ்சு நூலின் துணைத்தலைப்பில் அடிமைப்பட்டோரின் சிரிப்பு என்ற பொருள்படும் சொற்கள் இருந்தன. ஆங்கிலத் தலைப்பில் சிரிப்பு போய், 'தீண்டத்தகாதவர்' என்ற முத்திரை மட்டும் மிஞ்சிவிட்டது! விற்பனைக்காகவோ என்னவோ.

பெயரைப் போடுவதிலும் சிக்கல் இல்லாமல் இல்லை. மனைவியோ தாயோ தம் கதையைச் சொல்லும்போது கணவரும் மக்களும் அதில் வந்துவிடுகிறார்கள். அவர்களிடம் யார் சம்மதம் கேட்பது? பெயரை மறைத்தாலோ, சொன்னவரின் உழைப்பும் சேர்ந்தே மறைந்துபோகும்.

மாணவர்களே, இன்று ஒலிப்பதிவுக் கருவி உங்கள் சட்டைப்பையிலேயே இருக்கிறது. கோட்டக்குப்பத்து வீட்டிற்கு மறுபடியும் போனால், எழுதியதை அந்த அம்மாவிடம் அவர் பேசும் தமிழிலேயே படித்துக் காட்டுங்கள். ஏதேனும் ஒரு பத்தியை எடுத்துவிடச் சொல்வார். பெரும்பாலும் அது, உங்கள் ஆசிரியர் மிகவும் மெச்சிய பத்தியாகத்தான் இருக்கும்.