கரை இல்லாத ஏரிகள்

மே மாத விடுமுறை முடிந்ததும் மயிலாப்பூர், மாம்பலம், அடையாறு நண்பர்கள் கொடைக்கானல் போட்டோக்களைக் காட்டுவார்கள். நானும் காட்டியிருக்கிறேன். பார்க்காமலேயே சொல்லிவிடலாம்: மேல் ஓரத்தில் ஒரு மரக்கிளை, நடுவில் ஏரி, கொஞ்சம் மூடுபனி, ஒற்றைப் படகு. படகில் ஆள் இருந்தால் முதுகு மட்டும்.

அழகுதான். ஆனால் இதில் கொடைக்கானல் எங்கே? ஸ்விட்சர்லாந்து என்றாலும் நம்பிவிடுவோம். பஜ்ஜிக் கடை, வாடகை சைக்கிள், குதிரைக்காரர் யாரும் உள்ளே வந்துவிடாமல் காமிராவைப் படாதபாடுபட்டு நகர்த்தி எடுத்த 'இயற்கைக் காட்சி'. அந்த ஏரியே 1863-ல் மதுரை கலெக்டர் லெவிஞ்ச் உண்டாக்கிய செயற்கை ஏரி என்பது வேறு விஷயம்.

இந்தத் தில்லுமுல்லு புதிதல்ல. 1850-களில் சென்னை அரசாங்கத்தின் போட்டோகிராபராக இருந்த கேப்டன் லின்னேயஸ் டிரைப், நெகட்டிவில் கையாலேயே மேகம் வரைந்தவர். அந்தக் காலத்து ரசாயனத்துக்கு நீல நிறம் என்றால் ஒரேயடியாக வெளுத்துவிடும். வானம் வெள்ளைத்தாளாக வரும். பாவம், வேறு வழியில்லை. அவர் இல்லாததைச் சேர்த்தார். நாம் இருக்கிற மனுஷனை செல்போனில் விரலால் தேய்த்து அழிக்கிறோம்.

அதனால் என்ன நஷ்டம் என்கிறீர்களா? ஏரியின் கதை தண்ணீரில் இல்லை, கரையில் இருக்கிறது. எவ்வளவு தூர்ந்தது, எங்கே வீடு வந்தது என்பதெல்லாம் வானமும் நீரும் மட்டும் உள்ள படத்தில் தெரியாது. தி.நகர்க்காரர்களுக்கு இது புரியவேண்டும். 1920-களில் லாங் டேங்க் என்ற நீளமான ஏரியைத் தூர்த்து உண்டான பேட்டை அது. பக்கத்தில் மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்னும் இருக்கிறது. வியூதான் இல்லை.

2021 நவம்பர் மழையில் தி.நகர் தெருக்களில் தண்ணீர் நின்றபோது, பால்கனியிலிருந்து ஜனங்கள் செல்போனில் எடுத்த படங்கள் ஞாபகம் இருக்கிறதா? முழங்கால் தண்ணீரில் ஸ்கூட்டரைத் தள்ளுகிறவர், வாசற்படி, பால் பாக்கெட். கோணலும் மங்கலுமாக எடுத்தவை. யாரும் அவற்றை ஃப்ரேம் போட்டு மாட்டவில்லை. என்னைக் கேட்டால், தி.நகர் ஏரியின் உருப்படியான லேண்ட்ஸ்கேப் போட்டோக்கள் அவைதான்.

அடுத்தமுறை கொடைக்கானல் போனால் மூடுபனியை எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே, பஜ்ஜிக் கடையும் தெரிகிற மாதிரி ஒன்று எடுத்து, இடமும் வருஷமும் குறித்து வையுங்கள். பேரப்பிள்ளைகள் அதைத்தான் தேடுவார்கள்.