கே.பி. சுந்தராம்பாளின் நடிப்புக் கலை: இசை நாடக மேடையும் திருவாலங்காட்டுக் கதையும்

கே.பி. சுந்தராம்பாள் (1908–1980) இசை நாடக மேடையில் தொழில்முறை நடிகையாக வளர்ந்து, பின்னர் திரைப்படங்களில் புகழ்பெற்ற பாடகர். இன்று அவர் பெரும்பாலும் பக்திப் பாடகராகவே நினைவுகூரப்படுகிறார். அவருடைய பாட்டின் வலிமை நாடகத் தொழிலில் உருவானது என்பது அதிகம் பேசப்படுவதில்லை. திருவாலங்காட்டில் நிறைவுபெறும் காரைக்கால் அம்மையார் கதையில் அவர் ஏற்ற வேடம், அத்தொழில்திறனின் ஆற்றலையும் எல்லையையும் ஒருசேரக் காட்டுகிறது.

மேடைப் பயிற்சி

கொடுமுடியில் வறுமையில் பிறந்த சுந்தராம்பாள், சிறுவயதிலேயே வேலு நாயரின் நாடகக் குழுவில் சேர்ந்தார். 1920களில் இலங்கை மேடையில் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவுடன் (1906–1933) 'வள்ளி திருமணம்' நாடகத்தில் நடித்தார். மேடையில் இணையான இருவரும் வாழ்க்கையிலும் இணைந்தனர்.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) நெறிப்படுத்திய இசை நாடகத்தில் கதையைப் பாட்டுதான் நடத்திச் சென்றது. ஸ்பெஷல் நாடகங்களில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் நடிகர்கள் வெவ்வேறு ஊர்களிலிருந்து தனித்தனியே அழைக்கப்பட்டார்கள். கூட்டு ஒத்திகை இருக்காது. எதிரில் நிற்பவர் பாட்டில் எழுப்பும் கேள்விக்கு அங்கேயே பாட்டில் பதில் சொல்ல வேண்டும். 'வள்ளி திருமணம்' நாடகத்தில் வள்ளிக்கும் வேலனுக்கும் நடக்கும் தர்க்கம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. மனப்பாடத்தோடு சமயோசிதமும் இல்லாத நடிகர் அந்த மேடையில் நிலைக்க முடியாது.

குரலும் சொல்லும்

ஒலிபெருக்கி பரவலாகாத காலத்தில், திறந்தவெளிக் கொட்டகையின் கடைசி வரிசைக்கும் பாட்டு கேட்க வேண்டியிருந்தது. இரவு முழுவதும் நடக்கும் நாடகத்தில் குரல் சோர்ந்துவிடவும் கூடாது. உயர்ந்த சுருதியில் நின்று பாடும் சுந்தராம்பாளின் பழக்கம் இந்தத் தேவையிலிருந்து வந்தது.

சொல் தெளிவு அவருடைய இன்னொரு திறன். கச்சேரியில் ராகத்தின் விரிவுக்காகச் சொல் சற்று மங்கினாலும் கேட்பவர் பொறுத்துக்கொள்வர். நாடகத்தில் சொல் மங்கினால் கதையே நின்றுவிடும். அவர் ஒவ்வொரு சொல்லையும் உடைக்காமல் முழுதாக உச்சரித்தார். வசனம் எங்கே முடிந்து பாட்டு எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிய முடியாதபடி பேச்சிலிருந்து இசைக்கு நகர்ந்தார்.

திரையில் தொழில்

1933இல் கிட்டப்பா மறைந்தபின் சுந்தராம்பாள் வெள்ளைச் சேலை உடுத்தினார். மேடையில் ஆண் நடிகருக்கு இணையாக நடிப்பதைத் தவிர்த்தார். 'பக்த நந்தனார்' (1935) படத்தில் நந்தனாராக ஆண் வேடம் ஏற்றார். அதற்கு அவர் பெற்றதாகச் சொல்லப்படும் ஒரு லட்ச ரூபாய், அந்நாளில் பெரிதும் பேசப்பட்ட ஊதியம். பின்னர் 'ஔவையார்' (1953), 'பூம்புகார்' (1964), 'திருவிளையாடல்' (1965) ஆகிய படங்களில் முதியவர், துறவி வேடங்களே அவருக்கு அமைந்தன. 'துணைவன்' (1969) படத்தில் பாடியதற்காகத் தேசிய விருது பெற்றார்.

திருவாலங்காட்டு அம்மையார்

திருவள்ளூர் மாவட்டத்திலுள்ள திருவாலங்காடு, நடராசரின் ஐந்து சபைகளில் இரத்தின சபை. பெரியபுராணத்தின்படி, கணவன் விட்டுப் பிரிந்தபின் அழகைத் துறந்து பேய் வடிவம் கேட்டுப் பெற்ற புனிதவதி, கயிலைக்குத் தலையால் நடந்து சென்று, இறைவன் ஆணைப்படி ஆலங்காட்டில் அவன் ஆடலைக் கண்டு பாடினார். அவருடைய மூத்த திருப்பதிகங்கள் நட்டபாடை, இந்தளம் ஆகிய பண்களில் அமைந்தவை. அவற்றில் இசைச் சுரங்களின் பெயர்களும் கருவிகளின் பெயர்களும் அடுக்கி வருகின்றன.

ஏ.பி. நாகராஜன் இயக்கிய 'காரைக்கால் அம்மையார்' (1973) படத்தில் இளம் புனிதவதியாக லட்சுமியும் உருமாறிய அம்மையாராகச் சுந்தராம்பாளும் நடித்தனர். இசை குன்னக்குடி வைத்தியநாதன். அறுபதைக் கடந்த நடிகைக்கு உடலால் காட்டக்கூடியவை குறைவு. பேயுருவின் அச்சமும் காட்டின் கொடுமையும் காட்சியில் முழுமையாக வெளிப்படுவதில்லை. ஆனால் தோற்றத்தை இழந்தவருக்குப் பாட்டு ஒன்றே எஞ்சுகிறது என்ற கதையின் மையத்தை அவர் குரல் தாங்கிக்கொள்கிறது.

மதிப்பீடு

சுந்தராம்பாளின் திரை நடிப்பில் உடலசைவு குறைவு. முகபாவம் பெரும்பாலும் ஒரே நிலையில் இருக்கும். நெருக்கக் காட்சியைவிட, தொலைவிலிருந்து பார்க்கும் மேடைக்கே அவருடைய நடிப்பு பொருந்தியது. முதியவர், துறவி வேடங்கள் அவருக்குப் பெரும் மரியாதையைத் தந்தன. ஆனால் வள்ளியாகத் தர்க்கம் செய்த நடிகையின் குறும்புக்கும் வாதத்திறனுக்கும் அவை மிகக் குறைவாகவே இடம் கொடுத்தன. 'திருவிளையாடல்', 'கந்தன் கருணை' படங்களில் முருகனுடன் ஔவையாக அவர் பேசும் இடங்களில் அந்தப் பழைய தர்க்க மேடை சிறிது நேரம் திரும்பி வருகிறது.

பக்தி உணர்வு ஒன்றையே அவருடைய பாட்டின் விளக்கமாகக் கொண்டால், பல ஆண்டு மேடை உழைப்பு கணக்கில் வராமல் போகும். கேட்பவரை உருகவைக்கும் அந்தக் குரல், கொட்டகையின் கடைசி வரிசையை எட்டுவதற்காகப் பழக்கப்படுத்தப்பட்ட குரல்.