வாசா கப்பலும் பாதி விடையும்

அடியில் கனம் இருந்தால் கப்பல் கவிழாது. கப்பலின் சமநிலை பற்றி நம் மாணவர்கள் மனப்பாடம் செய்வது இவ்வளவே. இதற்குச் சான்றாக அடிக்கடி சொல்லப்படுவது சுவீடனின் வாசா போர்க்கப்பல். 1628 ஆகஸ்ட் 10ஆம் நாள் ஸ்டாக்ஹோமிலிருந்து தன் முதற் பயணத்தைத் தொடங்கிய அது, சுமார் 1,300 மீட்டர் செல்வதற்குள் மூழ்கிவிட்டது. "அடிப்பாரம் போதவில்லை" என்பது வழக்கமான விளக்கம். நானும் சில ஆண்டுகள் வகுப்பில் அதையே சொல்லி வந்தேன். அது பாதி விடைதான்.

வாசாவின் அடித்தளத்தில் சுமார் 120 டன் கல் இருந்தது. மேலும் கல் ஏற்றியிருந்தால் ஈர்ப்பு மையம் தாழ்ந்திருக்கும், உண்மைதான். ஆனால் கப்பலும் அல்லவா தாழ்ந்திருக்கும்? கீழ்த்தட்டின் பீரங்கிச் சாளரங்கள் நீர்மட்டத்தை இன்னும் நெருங்கியிருக்கும். காற்றடித்துக் கப்பல் சாய்ந்தபோது நீர் புகுந்தது, திறந்திருந்த அந்தச் சாளரங்கள் வழியாகத்தான். குறை அடிப்பாரத்தில் மட்டும் இல்லை; நீருக்கு மேலிருந்த உடற்பகுதியே மிகக் கனமானது.

ஈர்ப்பு மையம் மிதப்பு மையத்துக்குக் கீழே இருந்தால்தான் கப்பல் நிற்கும் என்று எழுதும் மாணவர்களும் உண்டு. பெரும்பாலான கப்பல்களில் அது மேலேதான் இருக்கிறது! கப்பல் சாயும்போது நீரில் அமிழ்ந்த பகுதியின் வடிவம் மாறுகிறது. மிதப்பு மையம் சாய்ந்த பக்கம் நகர்கிறது. அங்கிருந்து மேல்நோக்கி வரையும் செங்குத்துக்கோடு கப்பலின் நடுக்கோட்டைச் சந்திக்கும் புள்ளியே மெட்டாசென்டர். ஈர்ப்பு மையம் இதற்குக் கீழே இருந்தால் போதும், கப்பல் நிமிரும். பிரெஞ்சு அறிஞர் பூகேர் இதை விளக்கியது 1746இல். வாசாவைக் கட்டியவர்களுக்கு இந்தக் கணக்கு கிடையாது. அவர்கள் செய்த சோதனை, 30 ஆட்களை மேல்தட்டில் பக்கத்துக்குப் பக்கம் ஓடவிட்டதுதான். மூன்று ஓட்டத்திலேயே கப்பல் அஞ்சத்தக்க வகையில் ஆடியதால் சோதனையை நிறுத்தினர். ஆனாலும் கப்பல் புறப்பட்டது.

உள்ளே புகுந்த நீரும் அடியில்தானே தேங்குகிறது? மனப்பாட விதிப்படி அது கப்பலை நிலைநிறுத்த வேண்டும். நடப்பதோ நேர்மாறு. கல் இட்ட இடத்தில் கிடக்கும். நீர் சாய்ந்த பக்கத்துக்கு ஓடி, சாய்வை மேலும் கூட்டும். அகன்ற தாம்பாளத்தில் சிறிது நீர் ஊற்றி, ஏந்தி நடந்து பாருங்கள். பிறகு நீர் ஒழுகாதபடி நடுவில் நெடுக ஒரு தடுப்பு வைத்து நடங்கள். சம அளவான இரண்டு அறைகளானால் பக்கவாட்டில் நீர் ஓடுவதன் விளைவு நான்கில் ஒரு பங்காகும். கப்பலின் நீர்த்தொட்டிகளுக்குள் நெடுக்குத் தடுப்புகள் அமைப்பதும், இயன்றவரை தொட்டியை முழுதும் நிரப்பியோ முழுதும் காலியாகவோ வைப்பதும் இதற்காகவே.