எதிர்க்கரையும் தேசப்பட அறிவும்

ஒருவன் பிறநாடுகளைப் பற்றி எவ்வளவு அறிந்துள்ளான் என்பதை அளப்பதற்கு எளிய கருவியாகக் கொள்ளப்படுவது தேசப்படம். பெயர் குறியாத படத்தை முன்வைத்து, இன்ன நாடு எங்கேயுளது என வினவி, நூற்றுக்கு இத்தனை பேர் அறிவர் எனக் கணக்கிடுவர். 2006 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நேஷனல் ஜியோகிரபிக் சங்கம் 18 முதல் 24 வயது வரையுள்ள அந்நாட்டு இளைஞரிடையே நடத்துவித்த ஆய்வு இவ்வகையிற் பெயர்பெற்றது. தம் நாட்டுப் படை போர் புரிந்துகொண்டிருந்த ஈராக்கை நூற்றுக்கு 63 பேர் காட்டிலர். ஆழிப்பேரலைச் செய்தி திங்கட்கணக்காகப் பரவிய பின்னரும் நால்வருள் மூவர் இந்தோனேசியாவைக் காட்டிலர். இதனைக் கேட்டு நகைத்தல் எளிது. அச்சோதனை அளந்தது எதனை என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

இதற்குக் கல்முனைக் கரையை உரைகல்லாகக் கொள்ளலாம். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர் என அடுத்தடுத்து அமைந்த இவ்வூர்களுக்குக் கிழக்கெல்லை கடல். அக்கடலில் கிழக்கு நோக்கிச் சிறிது தெற்கே சாய்ந்து சென்றால், ஏறத்தாழ 1,500 கிலோமீற்றருக்கு அப்பால் எதிர்ப்படுவது சுமாத்திராவின் வடமுனையாகிய ஆச்சே. இடையே நிலம் யாதுமில்லை. 2004 டிசெம்பர் 26 ஆம் நாட் காலை ஏழு மணியளவில் அப்பகுதியிற் கடலடி பிளந்தது. ஏறத்தாழ இரண்டு மணிநேரத்தில் அலை இக்கரையை அடைந்தது. இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. அங்கு மாண்டோர் பதினாயிரவர்க்கு மேற்பட்டோர்.

இனி, இந்தோனேசியா கிழக்கு மேற்காக 5,000 கிலோமீற்றருக்கு மேற் பரந்த நாடு. நாட்டின் பெயரை மட்டும் வினவும் சோதனையில், யாவாவைத் தொட்டவனும் ஆச்சேயைத் தொட்டவனும் ஒரே புள்ளி பெறுவர். கல்முனைக்கோ அவ்விரண்டும் ஒன்றல்ல. அன்று பிளந்த கோடு சுமாத்திராவின் வடபகுதியிலிருந்து நிக்கோபார், அந்தமான் தீவுகள் வரை வடக்குத் தெற்காக 1,200 கிலோமீற்றருக்கு மேல் நீண்டது. ஆதலின் அலையின் வலிமை கிழக்கும் மேற்கும் சென்றது. வடக்கேயிருந்த வங்காளதேசம் பெருஞ்சேதமின்றித் தப்பியது. மேற்கே நேரெதிரில் இருந்த இலங்கை தப்பவில்லை. நாட்டின் பெயரை அறிந்தவன் இதனை உணரான். பகுதியையும் திசையையும் அறிந்தவனே உணர்வான்.

இத்தகைய அறிவு தமிழர்க்குப் புதிதன்று. 1025 ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த முதலாம் இராசேந்திரனின் கடற்படையெடுப்பைக் கூறும் மெய்க்கீர்த்தி, எதிர்க்கரையை ஒரே பெயராற் சுட்டவில்லை. ஊரூராகவும் பகுதி பகுதியாகவும் பெயர் தருகின்றது. அவற்றுள் இலாமுரிதேசம் ஆச்சேயென்றும், நக்கவாரம் நிக்கோபாரென்றும் வரலாற்றாசிரியர் கொள்வர். பிற்காலத்திற் பிளந்த கோடு இவ்விரண்டையும் ஒட்டியே செல்கின்றது. 1344 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த இபுனு பதூதாவும் பின்னர்ச் சுமாத்திராவின் சமுத்திரா நகரை அடைந்தார். கடலோடியவர்க்கு எதிர்க்கரை அயலூர் போன்றிருந்தது.

அவ்வறிவு பின்னர்த் தேய்ந்தது. 1883 ஓகத்து 27 ஆம் நாள், சுமாத்திராவுக்கும் யாவாவுக்கும் இடையிலுள்ள கிரக்கத்தோவா எரிமலை வெடித்தபோது எழுந்த அலை அம்பாறைக் கரையின் தென்பகுதியிலுள்ள பாணமையையும் தொட்டது. அங்கே ஒரு பெண் உயிரிழந்ததாகப் பதிவுண்டு. அந்நிகழ்ச்சி இக்கரைக்கு ஒரு பாடமாக நிலைபெறவில்லை.

ஆயின் இவ்வூர் மக்களைப் பிறநாடு அறியாதவர் என்றல் பொருந்தாது. வளைகுடா நாடுகளுக்குத் தொழில் தேடிச் சென்றோர் பலர் இங்குளர். தம்மாம் சவூதி அரேபியாவின் கிழக்கிலும் சித்தா மேற்கிலும் உள்ளன என்பதை அக்குடும்பத்தார் படமின்றியே அறிவர். பிழைப்பு எத்திசையிற் சென்றதோ அத்திசையில் அறிவும் சென்றது. கீழ்த்திசையிற் பயணம் நின்றமையால் அறிவும் நின்றது.

படம் அறிந்திருந்தால் அன்று உயிர் தப்பியிருக்குமோ எனின், அவ்வாறு கூறுதல் மாண்டோர்மேற் பழி சுமத்துவதாகும். இந்து சமுத்திரத்தில் அன்று எச்சரிக்கை முறையே இருந்ததில்லை. அது முறையாக இயங்கத் தொடங்கியது 2011 இலேயாம். ஆயினும் எச்சரிக்கை என்பது கேட்போர் பொருளுணர்ந்தாலன்றிப் பயன்படாது. 2012 ஏப்பிரல் 11 ஆம் நாள் ஆச்சேக்கு அப்பாற் கடலிற் பெருநிலநடுக்கம் நிகழ, எச்சரிக்கை விடுக்கப்பட்டது. கரையோர மக்கள் உள்நோக்கிப் பெயர்ந்தனர். பேரலை எழவில்லை. அன்று அவர்களை எழுந்து நடக்கச் செய்த பாடம் எட்டாண்டுகட்கு முன் பெருவிலை கொடுத்துப் பெற்றது.

அவ்விலை கொடாது அதனைக் கற்பித்தலே பள்ளியின் கடமை. புறவுருவப் படத்திற் பெயர் குறிக்கும் பயிற்சி வேண்டாததன்று. அது தொடக்கமேயன்றி முடிவன்று. ‘இந்தோனேசியா எங்கே?’ என்னும் வினாவோடு, ‘நும் ஊர்க் கரையில் நின்று கிழக்கே நோக்கின், முதலில் வரும் நிலம் யாது? அது எவ்வளவு தொலைவு?’ என்னும் வினாவும் கேட்கப்படல் வேண்டும். இவ்வினாவுக்கு விடையிறுக்கும் மாணவனே தேசப்படத்தைக் கற்றவன்.