குடவோலையும் அன்பியமும் – ஒரு திறனாய்வு

அன்பியம் என்னும் சொல்லைத் தமிழகத் திருச்சபையில் இன்று அறியாதார் இலர். பங்கு என்னும் பெரிய அமைப்பைத் தெருவாரியாகவோ பகுதிவாரியாகவோ சிறு குடும்பக் குழுக்களாகப் பகுத்து, இறைவார்த்தையைச் சுற்றி அவற்றைக் கூட்டுவதே அன்பியத்தின் பணி. இஃது எங்கிருந்து வந்தது என்ற வினாவுக்கு இருவகை விடைகள் கூறப்படுகின்றன. இலத்தீன் அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் முளைத்து நம்மிடம் வந்த நாற்று என்பர் சிலர். நம் மண்ணிலேயே ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இருந்த அக்கம்பக்க ஆட்சிமுறையின் மறுபிறப்பு என்பர் வேறு சிலர். பின்னவர் சான்றாகக் காட்டுவது உத்திரமேரூர்க் கல்வெட்டை.

அக்கல்வெட்டு நமக்குத் தொலைவில் இல்லை. புலிக்கால் முனிவர் வழிபட்டதாகத் தலபுராணம் கூறும் சிவன் கோவிலால் பெயர்பெற்ற திருப்புலிவனத்திலிருந்து சில கிலோமீட்டர் சென்றால், உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோவிற் சுவரில் அதனைக் காணலாம். பெருமையோடு எடுத்துக்காட்டப்படும் அளவுக்கு அது படிக்கப்படுவதில்லை. அன்பியம் பற்றிய திருச்சபை ஏடுகளின் நிலையும் அதுவே. ஆகவே இரண்டையும் அருகருகே வைத்துப் படித்து, நம் அன்பியங்கள் எங்கே நிற்கின்றன என்று நோக்குவது பயனுடையது.

கல்வெட்டு கூறுவது

முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட இரு தீர்மானங்கள் இங்கு உள்ளன. ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பது இன்றைய வார்டு போன்றதொரு பகுதி. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுவர். ஏதுமறியாச் சிறுவன் ஒருவன் ஓர் ஓலையை எடுப்பான். இவ்வாறு வந்த முப்பதின்மரில் பன்னிருவர் சம்வத்சர வாரியத்துக்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்துக்கும், அறுவர் ஏரி வாரியத்துக்கும் சென்றனர்.

இதில் நாம் மெச்சத்தக்கவை மூன்று. முதலாவது, பொறுப்பின் சுழற்சி. கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியப் பொறுப்பில் இருந்தவர் பெயரை மீண்டும் குடத்தில் இடலாகாது. இரண்டாவது, கணக்கு. பொறுப்பு வகித்துக் கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். எந்தெந்த உறவினர் என்று கல்வெட்டு வரிசையாகவே அடுக்குகிறது. மூன்றாவது, திருத்தம். 919-இல் செய்த விதியில் குறை கண்டவர்கள் 921-லேயே அதனை மாற்றினர். 30 முதல் 60 வரை என்றிருந்த வயது வரம்பு 35 முதல் 70 வரை என்றாயிற்று. தாம் வகுத்த விதியைத் தாமே இரண்டாண்டில் திருத்தும் துணிவு எக்காலத்தும் அரிது.

ஆனால் இக்கல்வெட்டைப் போற்றுவோர் பெரும்பாலும் விட்டுவிடும் பகுதியும் உண்டு. குடத்தில் பெயர் இடப்பட, கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும். வேதப் பயிற்சி வேண்டும். சதுர்வேதிமங்கலம் என்னும் அந்தணர் ஊரின் சபை அது. அந்நிலத்தை உழுதவர், ஏரிக்கரைக்கு மண் சுமந்தவர், பெண்கள் ஆகியோரின் பெயர் எந்த ஓலையிலும் ஏறவில்லை. ஆகவே இதனை அனைவருக்குமான மக்களாட்சி என்பது மிகைக்கூற்று. உள்ளே இருந்தோருக்குள் நேர்மையாக நடந்துகொண்ட ஓர் அவை என்பதே சரியான மதிப்பீடு.

ஒரு சொல்லின் வரலாறும் இங்கே கருதத்தக்கது. இக்கல்வெட்டில் 'சேரி' என்பது ஊரின் குடியிருப்புப் பகுதியைக் குறிக்கும் பொதுச்சொல். அந்தணர் வாழ்ந்த பகுதியும் சேரியே. பிற்காலத்தில் அச்சொல் ஒடுக்கப்பட்டோர் குடியிருப்பை மட்டுமே சுட்டுவதாகச் சுருங்கிற்று. அக்கம்பக்கத்தைக் குறித்த சொல்லே விலக்கிவைத்தலைக் குறிக்கும் சொல்லாயிற்று. அக்கம்பக்கத்தை அடிப்படையாகக் கொண்டு எதைக் கட்ட முனைவோரும் நினைவில் வைக்கவேண்டிய செய்தி இது.

திருச்சபை ஏடுகள் கூறுவது

இனி மற்றப் பக்கம். 1968-இல் மெதெயின் நகரில் கூடிய இலத்தீன் அமெரிக்க ஆயர்கள் அடிப்படைச் சமூகங்களுக்கு ஊக்கமளித்தனர். கிழக்கு ஆப்பிரிக்க ஆயர்கள் 1970-களில் சிறு கிறிஸ்தவச் சமூகங்களைத் தம் மேய்ப்புப்பணியின் முதன்மையாக ஏற்றனர். ஆசிய ஆயர் பேரவைகளின் கூட்டமைப்பு 1990-இல் பாண்டுங் மாநாட்டில் சமூகங்களின் ஒன்றிப்பாக விளங்கும் பங்கேற்புத் திருச்சபையைக் கனவு கண்டது. தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனம் உருவாக்கிய ஏழுபடி நற்செய்திப் பகிர்வு நம் வீடுகள் வரை வந்து சேர்ந்தது. குமரி மாவட்டத்தில் கோட்டாறு மறைமாவட்டம் ஏறத்தாழ 30 குடும்பங்களுக்கு ஓர் அன்பியம் என்ற அளவில் இதனை வேரூன்றச் செய்தது.

திருத்தந்தை ஆறாம் பவுல் 1975-இல் வெளியிட்ட நற்செய்தி அறிவிப்புப் பற்றிய திருத்தூது ஊக்கவுரையின் 58-ஆம் எண் இச்சமூகங்களுக்கு உரைகல்லாக உள்ளது. இறைவார்த்தையால் ஊட்டம் பெறவேண்டும். தலத்திருச்சபையோடு இணைந்திருக்க வேண்டும். தாமே நற்செய்தியின் ஒரே உரிமையாளர் என்று கருதலாகாது. எவரையும் விலக்கும் குறுங்குழுவாகச் சுருங்கலாகாது என்று அது வரையறுக்கிறது. 1990-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் எழுதிய மீட்பரின் பணி பற்றிய சுற்றுமடல், தன் 51-ஆம் எண்ணில் இச்சமூகங்களைத் திருச்சபையின் உயிர்த்துடிப்புக்கு அடையாளமாகவும், அன்பின் நாகரிகத்தில் அமையும் புதிய சமுதாயத்தின் தொடக்கமாகவும் காண்கிறது.

இவ்வேடுகளை மதிப்போடு படிக்கும் நாம், ஒரு குறையையும் சுட்டாமல் இருக்க இயலாது. வயது, பண்பாடு, சமூகநிலை ஆகியவற்றால் முன்னரே ஒன்றுபட்டவர்கள் இறைவார்த்தைக்காகக் கூடுவதும் இச்சமூகங்களின் ஒரு பிறப்பு வழி என்று 58-ஆம் எண் இயல்பாகக் குறிப்பிடுகிறது. தொழிலாளர், இளையோர், மணமானோர் என்று எண்ணும் நாடுகளில் இதனால் தீங்கில்லை. சமூகநிலை என்றவுடன் சாதி முன்வந்து நிற்கும் நம் நாட்டில் இதே தொடர் வேறு பொருள் தருகிறது. குறுங்குழுவாகச் சுருங்காதீர் என்ற எச்சரிக்கை அதே எண்ணில் இருப்பினும், அவ்வெச்சரிக்கை நம் வரைபடங்களில் இறங்கவில்லை.

தெருவும் சாதியும்

அன்பியம் அமைக்கும் பங்குத்தந்தை செய்யும் முதல் வேலை, பங்கின் வரைபடத்தை எடுத்துத் தெருக்களைப் பகுப்பது. நகரத்தில் இது எளிது. சிற்றூரில் தெரு என்பது வெறும் தெருவன்று. ஊர் ஒருபுறம், காலனி மறுபுறம். இடையே வயலோ சாலையோ இருக்கும். தெருவாரியாகக் கோடு போட்டால் சாதிவாரியாகக் கோடு விழுகிறது. எவரும் தீய எண்ணத்தோடு செய்வதில்லை. நடந்துவர எளிது என்றே செய்கிறோம். ஆயினும் ஊரவர் தமக்குள் செபிக்கின்றனர், காலனியினர் தமக்குள் செபிக்கின்றனர். திருப்பலியில் ஒருவர் பின் ஒருவராக நின்று ஒரே அப்பத்தை உண்டவர்கள், அன்பியத்தில் ஒருவர் வீட்டுத் திண்ணையில் மற்றவர் அமராமலே ஆண்டுகளைக் கழித்துவிட முடிகிறது.

நெல்லைச் சீமையின் வடக்கன்குளம் கோவிலில் சாதியால் இறைமக்களைப் பிரித்து நின்ற சுவர் 1910-இல் இடிக்கப்பட்டது. அந்தச் சுவர் கல்லால் ஆனது. இடிப்பதற்குக் கண்முன் நின்றது. வரைபடத்தில் விழும் கோடு கண்ணுக்குத் தெரியாதது. செபத்தின் பெயரால் வரையப்பட்டது. ஆதலால் அதனை இடிப்பது கடினம். சாதிப் பாகுபாடு கொடிய சமூகப் பாவம் என்று இந்திய ஆயர் பேரவை 2016-இல் தன் கொள்கை அறிக்கையில் கூறியபின், இக்கோட்டைப் பாராமல் இருக்க நமக்கு உரிமையில்லை.

தொடக்கத் திருச்சபைக்கும் இச்சோதனை வந்தது. வீடுகளில் கூடிய அச்சமூகத்தில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் அன்றாடப் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்ற முணுமுணுப்பைத் திருத்தூதர் பணிகள் நூல் மறைக்கவில்லை. திருத்தூதர்கள் அவர்களுக்கெனத் தனிப் பந்தி அமைக்கவில்லை. எழுவரைத் தேர்ந்தெடுக்கச் செய்தனர். அவ்வெழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். குறைப்பட்டவர் கையிலேயே பந்தியின் பொறுப்பு வந்தது. கொரிந்துவிலோ செல்வர் முன்னதாக உண்டு முடிக்க, ஏழைகள் பசியோடு நின்றனர். அதனை ஆண்டவரின் விருந்தாகவே கருத முடியாது என்று பவுல் கடிந்துரைத்தார். கூடுவது மட்டும் போதாது. எவ்வாறு கூடுகிறோம் என்பதே அதனைத் திருச்சபையாக்குகிறது.

இங்கே எதிர்த்தரப்பின் வாதத்தையும் நேர்மையோடு கேட்கவேண்டும். இரவில் முதியோர் நெடுந்தூரம் நடக்க இயலாது என்பது உண்மை. மற்றொன்று இதனினும் வலியது. ஒடுக்கப்பட்ட மக்கள் தமக்குள் கூடும்போதுதான் அஞ்சாமல் வாய்திறக்கின்றனர். கலந்த கூட்டத்தில் மேற்சாதியார் பேச, அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கும் நிலையே மீண்டும் வரும் என்பர். இதனை நாம் தள்ளிவிட முடியாது. தமக்கென ஓர் இடம் வேண்டும் என்று தாழ்த்தப்பட்டவர் கேட்பதும், அவரோடு அமர மாட்டேன் என்று மற்றவர் ஒதுங்குவதும் ஒன்றல்ல. முன்னது மாண்பைத் தேடுவது. பின்னது மாண்பை மறுப்பது. ஆகவே வாரக் கூட்டம் தெருவளவில் இருக்கட்டும். மாதம் ஒருமுறையேனும் இரு பகுதி அன்பியங்களும் ஒருங்கே கூடட்டும்; ஒருமுறை ஊரில், மறுமுறை காலனியில். அவ்வீடுகளிலேயே உண்ணட்டும். கூட்டுக் கூட்டத்தின் பொறுப்பு முதலில் காலனியினரிடம் செல்லட்டும். எழுவரின் பெயர்கள் நமக்குக் காட்டும் வழி அதுவே.

ஆறாம் படி

ஏழுபடிப் பகிர்வில் ஆண்டவரை அழைத்தல், வாசித்தல், சொற்களில் தங்குதல், மௌனம், பகிர்தல் ஆகிய ஐந்தும் ஓரளவு நடைபெறுகின்றன. ஏழாவதாகிய செபம் தவறாமல் நடைபெறுகிறது. ஆறாவது படி, கேட்ட வார்த்தையிலிருந்து ஒரு செயலை முடிவுசெய்வது. அதுதான் பெரும்பாலும் விடுபடுகிறது. அவ்விடத்தில் திருவிழா வரி வசூலும், கொடியேற்றத்துக்கு எந்த அன்பியம், நவநாளுக்கு எந்த அன்பியம் என்ற பட்டியலும் வந்து அமர்ந்துவிட்டன. பங்கின் வசூல் கிளையாகச் சுருங்கிய அன்பியத்தில் சீடத்துவம் வளர்வதெங்ஙனம்?

செயல் என்றவுடன் பெரிதாக எண்ண வேண்டுவதில்லை. தெருவில் படுக்கையாகக் கிடக்கும் முதியவரை முறைவைத்துப் பார்த்துக்கொள்வதும், பள்ளியை விட்டு நின்ற பிள்ளையை மீண்டும் சேர்ப்பதும், குடிநீருக்காகக் கிராம சபையில் எழுந்து கேட்பதும் செயலே. நம் மறைமாவட்டத்துச் சிற்றூர்கள் பலவற்றில் கத்தோலிக்கர் சிறுபான்மையினர். அங்கே அக்கம்பக்கம் என்பதில் இந்து, இஸ்லாமிய அயலாரும் அடங்குவர். அவர்களை ஆள்சேர்க்கும் நோக்கோடு அணுகினால் அன்பியம் ஐயத்தையே விளைக்கும். நல்ல சமாரியர் அடிபட்டவனின் சமயத்தைக் கேட்கவில்லை.

நாம் கற்கவேண்டியது

உத்திரமேரூரார் உள்ளே இருந்தோருக்குள் நேர்மையாக இருந்தனர். வெளியே நின்றோரை எண்ணவில்லை. நாம் எல்லாரையும் எண்ணுவதாகச் சொல்கிறோம். உள்ளே இருந்தோருக்குள்கூட அவர்கள் காட்டிய ஒழுங்கைக் காட்டுவதில்லை. பத்தாண்டுகளாக ஒருவரே பொறுப்பாளராக உள்ள அன்பியங்கள் உண்டு. வரவு செலவை எவரும் படித்துக்காட்டாத அன்பியங்கள் உண்டு. 1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்களில் எழுத்தறிவு குறைந்த பெண்களும் கூட்டந்தோறும் கணக்குப் படித்துக் கையொப்பம் இடப் பழகிவிட்டனர். அப்பெண்களே நம் அன்பியங்களிலும் அமர்ந்திருக்கின்றனர். அங்கே காட்டும் திறனை இங்கே காட்ட நாம் ஏன் அவர்களை அழைப்பதில்லை?

மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பொறுப்பாளர் மாற்றம், மாதந்தோறும் கணக்கு வாசிப்பு, இரண்டாண்டுக்கு ஒருமுறை விதிகளின் மீளாய்வு ஆகிய மூன்றையும் கல்வெட்டிடமிருந்து கடன் பெறலாம். சீட்டிட்டுத் தேர்ந்தெடுப்பதும் நமக்கு அந்நியமன்று. யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் திருத்தூதர்கள் சீட்டுக் குலுக்கியே சேர்த்துக்கொண்டனர். ஆனால் ஒன்றை மட்டும் அக்கல்வெட்டிடமிருந்து கடன் பெறலாகாது. யார் பெயர் குடத்துக்குள் செல்லலாம் என்ற அதன் வரையறையை. திருமுழுக்குப் பெற்ற எவர் பெயரும் நம் குடத்தில் இருத்தல் வேண்டும். நிலம் உடையவரா, எந்தத் தெருவினர், ஆணா பெண்ணா என்ற கேள்விகளுக்கு அங்கே இடமில்லை.

கூட்டு ஒருங்கியக்கம் பற்றி 2021 முதல் 2024 வரை உலகத் திருச்சபை முழுவதும் பேசியது. அப்பேச்சு உரோமையில் முடிந்திருக்கலாம். ஒவ்வொரு பங்குப் பேரவையும் தன் அன்பிய வரைபடத்தை மேசைமேல் விரித்து, கோடுகள் எங்கெங்கே விழுந்திருக்கின்றன என்று பார்க்கும் நாளில்தான் அது நம் ஊர்களில் தொடங்கும்.